அதிகாரியின் மாமனாரும் எங்கள் வீட்டுக் குழாயும்

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காவும் நலமாக இருக்கிறோம், என் முழங்காலைத் தவிர. அங்கே நீங்களும் உங்கள் மனைவியும் பிள்ளைகளும் முழங்கால் உட்பட நலமாக இருக்க வேண்டும். கடிதம் என்றால் ‘நீங்கள்’ போட்டுத்தான் எழுத வேண்டுமாம். ஆனால் நீ மூக்கொழுகித் திரிந்த காலத்திலிருந்து உன்னை எனக்குத் தெரியும், அதனால் ‘நீங்கள்’ என்று எழுதும்போது யாரோ வேறு ஆளுக்கு எழுதுகிற மாதிரி இருக்கிறது. இனிமேல் ‘நீ’ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே மச்சான்.

உன் வீட்டு பிளானைப் பாஸ் பண்ண வேண்டிய அதிகாரி “கொஞ்சம் கவனிச்சுக்கங்க” என்று சொன்னதாகவும், எப்படிக் கவனிப்பது என்று தெரியவில்லை என்றும் போனில் கேட்டாய். அன்றைக்கு நான் பதில் சொல்லாமல் மழை பெய்கிறதா என்று கேட்டேன் அல்லவா? தெரியாமல் இல்லை. போனில் சொன்னால் உன் அக்கா பக்கத்தில் நின்று குறுக்கே பேசுவாள். நானோ வேலையில் இருந்த காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டியவன், எல்லா ஸ்டாப்பிங்கிலும் நிறுத்தி ஆள் ஏற்றித்தான் எனக்குப் பழக்கம். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நாங்கள் இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்தது உனக்குத் தெரியும். தண்ணீர்க் குழாய் எங்கள் கேட்டுக்கு முன்னால்தான் மண்ணுக்கடியில் போகிறது. காது வைத்துக் கேட்டால் சத்தம்கூடக் கேட்கும், நான் கேட்டிருக்கிறேன். அதிலிருந்து வீட்டுக்கு ஒரு துண்டுக் குழாய் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குத் தண்ணீர் ஆபீசில் கையெழுத்து வேண்டும். கையெழுத்து வருகிறவரை லாரித் தண்ணீர். லாரி வந்தால் உன் அக்கா குடத்தோடு ஓடுவாள், நான் பின்னால் வாளியோடு நொண்டுவேன். அந்த லாரி டிரைவர் இருக்கிறானே, கிளச்சை மிதித்துக்கொண்டே ஓட்டுகிறான். இப்படி ஓட்டினால் பிளேட் தேய்ந்துவிடும் தம்பி என்று சொன்னேன். “பெருசு, குடத்தைப் பிடி” என்றான். சரி, அது வேறு ரூட்.

இதில் என் பேத்தி இருக்கிறாள். பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பார்த்ததோடு சரி. அப்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், நான் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. இப்போது ஆளைப் பார்த்தால் சிரிக்கிறாளாம். மருமகளை வரச்சொல்லிக் கூப்பிட்டேன். “வரக்கூடாதுன்னு இல்ல மாமா. குழந்தைத் துணி மட்டும் தினமும் எவ்வளவு சேருது தெரியுமா? லாரித் தண்ணியில எப்படித் துவைக்கிறது? குழாயில தண்ணி வந்த அன்னைக்கே கிளம்பிடறேன்” என்றாள். தப்புச் சொல்ல முடியவில்லை. வாசல் பக்கத்து அறையை அவர்களுக்கென்று வெள்ளையடித்துப் பூட்டி வைத்தேன்.

ஆபீசுக்கு நடந்தேன். கீழே கேட்டால் ஃபைல் மேலே போயிருக்கிறது என்பார்கள். மேலே ஏறினால் இப்போதுதான் கீழே அனுப்பினோம் என்பார்கள். நானும் ஃபைலும் அந்த மாடிப்படியில் எத்தனையோ முறை எதிரும் புதிருமாகப் போயிருப்போம், ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியவில்லை. கடைசியில் ஒருநாள் அதிகாரியே இடத்தைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர் மாதிரி இருந்தார். செருப்பை வெளியே விட்டார். குழாய் போகிற இடத்தைக் காட்டினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே வாசல் அறையைத் திறக்கச் சொன்னார். ஜன்னலைத் திறந்து மூடினார், ஃபேனைப் போட்டார், கட்டிலில் உட்கார்ந்து லேசாகக் குதித்தும் பார்த்தார்.

“இதுல யாரு இருக்காங்க?”

“மருமகளும் பேத்தியும் வந்தா அவங்களுக்குங்க.”

“இப்ப காலியா?”

“காலிதாங்க” என்றேன். அதுதான் மச்சான் நான் செய்த முதல் தப்பு.

“எங்க மாமாவுக்குக் காத்தோட்டமான இடமா இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எதற்கு நம்மிடம் சொல்கிறார் என்று உன் அக்காவும் நானும் யோசித்து, மரியாதைக்குச் சொன்னார் என்று முடிவு கட்டினோம். மறுநாள் காலை ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மடக்கு நாற்காலி, ஒரு ஃபிளாஸ்க், கடைசியாக ஒரு பெரியவர் இறங்கினார்கள். அவர்தான் அதிகாரியின் மாமனார்.

எதிர்வீட்டுத் தையல்காரர் வாசலில் நின்று சிரித்தார். “வந்துட்டாரா உங்க வீட்டுக்கு? போன மாசம் எங்க வீட்ல இருந்தாரு” என்றார். பிறகுதான் விவரம் தெரிந்தது. அந்த அதிகாரி கை நீட்டிப் பணம் வாங்கவே மாட்டாராம். பணம் வாங்கினால் பவுடர் தடவிய நோட்டோடு ஆள் வந்து பிடிக்கிறார்கள். மாமனாருக்கு யார் பவுடர் தடவுவது? வீட்டில் மாமனாருக்கும் மருமகனுக்கும் ஆகாது. அதனால் யார் ஃபைல் நிற்கிறதோ அவர் வீட்டில் பெரியவர் தங்குவார், கையெழுத்து ஆனதும் அடுத்த ஃபைலுக்கு மாறிப் போவார். எங்கள் பகுதியில் யாருக்கு எந்த வேலை நிற்கிறது என்பதை அந்த மடக்கு நாற்காலி யார் வாசலில் கிடக்கிறது என்று பார்த்தே சொல்லிவிடலாமாம்.

பெரியவரும் ஒருகாலத்தில் அதே ஆபீசில், அதே நாற்காலியில் இருந்தவர்தான். முதல் நாள் உன் அக்கா டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். குடிப்பதற்கு முன்னால் சாசரைத் தூக்கி அடியில் பார்த்தார். எறும்பு இருக்கிறதோ என்று இவள் பதறிப்போய்விட்டாள். “ஒண்ணுமில்லம்மா, பழக்கம்” என்றார். அவர் காலத்தில் மேஜைக்கு டீ வரும்போது சாசருக்கு அடியில்தான் பணத்தை வைத்துக் கொடுப்பார்களாம். வெயிலில் வந்த மோர் டம்ளரைத் தூக்கியும் பார்த்தார், சாப்பாட்டுத் தட்டைத் தூக்கியும் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் முகம் சின்னதாக வாடும், பிறகு நன்றாகச் சாப்பிடுவார்.

“என் மாப்பிள்ளைக்கு வாங்கத் தெரியலப்பா” என்பார் என்னிடம். “நாங்க வாங்கும்போது குடும்பத்தை விசாரிப்போம். பையன் என்ன படிக்கிறான், பொண்ணுக்கு உடம்பு தேவலையான்னு கேப்போம். கொடுக்கறவனுக்கும் மனசு நிறையணும்.”

“கொடுத்தவங்களுக்கு நிறைஞ்சுதுங்களா?” என்று கேட்டேன்.

“நான் ரிட்டையர் ஆன பிறகு ஒருத்தன்கூட வாசல் பக்கம் வரல. அதனால தெரியல” என்றார்.

உன் அக்காவைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்த மனிதர், வயசானவர், அவள் ஒரு குறை வைக்கவில்லை. காலையில் குளிக்கச் சுடுதண்ணீர் வேண்டும் அவருக்கு. எங்களிடம் தண்ணீரே கிடையாது, அதில் சுடுதண்ணீர்! லாரியில் பிடித்து வந்ததில் முக்கால்வாசி அவர் தலையில்தான் போனது. நான் ஒருநாள் விட்டு ஒருநாள் குளித்தேன். தண்ணீர் வருவதற்காகத் தண்ணீரைச் செலவு செய்தோம் மச்சான், இதை நீ கவனமாகக் குறித்துக்கொள். குழம்பு காரம் ஆகாது என்றார், எங்கள் இரண்டு பேருக்கும் காரம் போய்விட்டது. டிவியில் செய்தி மட்டும் போதும் என்றார், உன் அக்கா அவளுடைய சீரியலை விட்டாள். அந்த நாடகத்தில் காணாமல் போன பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. உன் மனைவி பார்த்தால் இரண்டு வரி எழுதச் சொல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகாரி வருவார். ஃபைலைப் பற்றிப் பேசமாட்டார், பெரியவரைச் சுற்றிவந்து பார்ப்பார். “மாமா, கன்னமெல்லாம் வச்சிருக்கே!” என்பார். பெரியவர் அவர் காதருகே ஏதோ சொல்வார். எனக்கு ஒரு வாரம் மட்டும் கேட்டது. “நல்லா இருக்கு. அவசரப்படாதீங்க.” என் வீட்டுச் சுவரைத்தான் நல்லா இருக்கிறது என்கிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். நானே நின்று தண்ணீர் ஊற்றிய சுவர்.

தையல்காரரிடம் சட்டைக்குப் பொத்தான் வைக்கப் போனபோது, எங்களுக்கு இன்னும் கையெழுத்து ஆகவில்லை என்று வருத்தப்பட்டேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டார்.

“என்ன அண்ணே, வெவரம் இல்லாத ஆளா இருக்கீங்க? அவரை நல்லா வச்சிக்கிட்டா எதுக்குக் கையெழுத்துப் போடுவாங்க? போட்டா அந்தாளு உங்க வீட்டை விட்டுக் கிளம்பணும்ல? என் சம்சாரம் மூணு நாள் உப்பே போடல. நான் மிஷினைக் கொண்டுபோய் அவரு கட்டில் பக்கத்துல போட்டேன். நாலாம் நாள் அவரே மாப்பிள்ளைக்குப் போன் பண்ணி, கையெழுத்தைப் போட்டு என்னைக் கூட்டிட்டுப் போங்கன்னு அழாத குறை.”

கேட்டதும் எனக்கு ரிவர்ஸ் கியர் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. நாம் எவ்வளவுக்கு எவ்வளவு நன்றாகக் கவனிக்கிறோமோ அவ்வளவுக்கு அவ்வளவு பேத்தி தள்ளிப் போகிறாள். வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் சொன்னேன். அன்றைக்கே இருவரும் சேர்ந்து அவரை மோசமாக நடத்துவது என்று முடிவு செய்தோம்.

எங்களுக்கு அது வரவில்லை மச்சான். உன் அக்கா குழம்பில் உப்பை அள்ளிப் போட்டாள். அவர் முதல் வாய் வைத்ததும், “ஐயோ, கை தவறிடுச்சுங்க” என்று அவளே தட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, ஒரு முட்டை பொரித்துக் கொண்டுவந்தாள். நான் என் பங்குக்குக் காலையிலேயே ரேடியோவை அலற வைத்தேன். அவர் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ரேடியோ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அட, இந்தப் பாட்டைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு” என்று தாளம் போட்டார். பிறகு நானும் உட்கார்ந்துவிட்டேன். சுடுதண்ணீரை நிறுத்தினோம். பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுத் தும்மினார். ஒரு தும்மல்தான். உன் அக்கா அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள். “என்னடி இது?” என்றேன். “பேத்தி வர்ற வீட்ல ஜலதோஷம் இருக்கக் கூடாதுல்ல” என்றாள். இவளோடு சேர்ந்து யாரையும் கொடுமைப்படுத்த முடியாது.

அப்புறம் அவளே ஒரு காரியம் செய்தாள், என்னிடம் சொல்லாமல். மகன் பேத்தியைப் போட்டோ எடுத்துப் பிரிண்ட் போட்டு அனுப்பியிருந்தான். பொக்கை வாயைத் திறந்துகொண்டு யாரையோ பார்த்துச் சிரிக்கிற போட்டோ. சாயங்காலம் டீ கொண்டுபோகும்போது அதைச் சாசருக்கு அடியில் வைத்துக் கொடுத்துவிட்டாள்.

பெரியவர் வழக்கம்போலத் தூக்கினார். இவ்வளவு நாளாக ஒன்றும் இல்லாத இடத்தில் ஒன்று இருந்தது. எடுத்தார், கண்ணாடியைப் போட்டார், வெளிச்சத்துக்குத் திருப்பினார். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

“யாரும்மா இது?”

“எங்க பேத்திங்க. இந்த ரூமு அவளுக்குத்தான் வெள்ளையடிச்சது. குழாயில தண்ணி வந்தா வருவா.”

“இது வரைக்கும் இப்படி யாரும் வெச்சதில்லம்மா” என்றார். போட்டோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்றுவரை திருப்பித் தரவில்லை. வாங்கியதைத் திருப்பித் தருகிற பழக்கம் அந்த ஆபீசிலேயே கிடையாது போலிருக்கிறது.

அப்போதே மருமகனுக்குப் போன் போட்டார். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார், ஆனால் காது மந்தமான மனிதர், தெருவுக்கே கேட்டது. “நான்தான் போட வேணாம்னு சொன்னேன், இப்ப நான்தான் போடச் சொல்றேன். போடுங்க மாப்பிள்ளை. இல்ல இல்ல, சாப்பாடெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கறதாலதான் சொல்றேன்!” அந்தப் பக்கம் மருமகனுக்குத் தலையும் புரிந்திருக்காது, வாலும் புரிந்திருக்காது.

அந்த வாரமே ஆள் வந்து மண்ணைத் தோண்டினார்கள். குழாயைத் திருகினால் முதலில் காற்று வந்தது, பிறகு செம்மண் கலர், பிறகு தண்ணீர். உன் அக்கா கையை நீட்டி வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் போனை எடுத்துக் குழாய்ப் பக்கத்தில் வைத்து மருமகளைக் கேட்க வைத்தேன். “மழையா மாமா?” என்றாள். “தண்ணிம்மா” என்றேன்.

மறுநாள் ஜீப் வந்துவிட்டது. அடுத்த ஃபைல் வெல்டிங் பட்டறைக்காரருடையது. பட்டறைக்கு மேலேதான் வீடு, பகல் முழுக்கத் தகரத்தை அறுப்பார்கள். பெரியவர் டிரங்குப் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். எங்களைப் பார்க்கவில்லை. என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. “அவரு இங்கேயே இருக்கட்டுங்க” என்றேன்.

அதிகாரி ஒரு மாதிரி பார்த்தார். “உங்களுக்கு வேற ஏதாவது ஃபைல் இருக்கா?”

“இல்லீங்க.”

“அப்புறம் எதுக்கு?”

உன் அக்காதான் பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். ஜீப் வெறுமனே திரும்பிப் போயிற்று.

ஆனால் கேள், அன்றிலிருந்து பெரியவருக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைத் தூக்கிப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். “உனக்கு என்னப்பா வேணும்? சொல்லிடு. லைசென்ஸா? பட்டாவா?” என்பார். ஒன்றும் வேண்டாம் என்றால் இன்னும் பயப்படுகிறார். “ரொம்பப் பெரிய வேலையா?” என்று உன் அக்காவிடம் ரகசியமாகக் கேட்கிறார். ஒரு ஃபைலும் இல்லாமல் ஒரு வீட்டில் ஒருவேளை சாப்பாடு அவர் சாப்பிட்டதே இல்லையாம். வாங்கி வாங்கியே மனிதர் இப்படி ஆகிவிட்டார். கொடுத்துக் கொடுத்து நாம் என்ன ஆவோமோ, தெரியவில்லை.

அதனால் மச்சான், என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்கிறேன். உன் பிளான் விஷயத்தில் யாரையும் கவனிக்காதே. பணமாகவும் வேண்டாம், ஆளாகவும் வேண்டாம். நேரே போய்க் கேள். இல்லை என்றால் மறுபடி போய்க் கேள். உன் முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. முக்கியமாக, காலி அறை இருக்கிறது என்று யாரிடமும் வாயைத் திறக்காதே. மாமனார், சித்தப்பா, ஒன்றுவிட்ட அண்ணன் என்று யாராவது டிரங்குப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றால், வீடு மாறி வந்துவிட்டீர்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடு. இதில் இரக்கம் பார்த்தால் நாம் உருப்பட மாட்டோம்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, யாரிடமும் கை நீட்டாத, யார் கையையும் நிரப்ப வேண்டியிராத ஒரு வேலைக்குப் போகட்டும் என்று வாழ்த்துகிறேன். அப்படி ஒரு வேலை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் எழுதுகிறேன். உன் அக்கா உன்னை வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்,
பஸ்ஸை விட்டு இறங்கியும் ஹாரன் அடிப்பதை நிறுத்தாதவன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனபோது மருமகள் போன் செய்தாள். வெள்ளிக்கிழமை பேத்தியோடு வருகிறாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்த அறையில் பெரியவர் அல்லவா இருக்கிறார்! ஹாலில் ஒரு தடுப்பு வைக்கலாம் என்றால் தச்சர் அடுத்த மாதம்தான் வருவாராம். உன் அக்காவும் நானும் சமையலறையில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம், பேச்சுவாக்கில் உன் பிளான் நின்றுபோயிருப்பதைச் சொல்லிவிட்டேன். காது மந்தமான மனிதருக்கு அது மட்டும் எப்படிக் கேட்டதோ! எழுந்து வந்துவிட்டார். “உன் மச்சானுக்கு ஃபைல் நிக்குதா? எந்த ஆபீஸ்? முதல்லயே சொல்லக் கூடாதா?” என்றார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. அன்றைக்குத்தான் இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பெட்டியும் கட்டியாகிவிட்டது. ஆகவே மச்சான், இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு மடக்கு நாற்காலியோடு வாசலில் நிற்கிறாரே, அவர்தான். கதவைச் சாத்திவிடாதே. காரம் ஆகாது, சுடுதண்ணீர் வேண்டும். தச்சர் வந்து போனதும் நானே வந்து அழைத்துக்கொள்கிறேன். டீ கொடுத்தால் சாசரோடு கொடு, அடியில் உன் பிள்ளைகளின் போட்டோ ஒன்றை வை, திரும்பி வராது என்று தெரிந்தே வை. உன் பிளான் எப்படியாவது பாஸாகிவிட்டால் மட்டும் தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடாதே. பாவம், சாப்பாட்டை நிறுத்திவிடுவார்.